மலைக்கு இருபுறமும் உழைப்போர்க்கு மருத்துவம்

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர். இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் என்ற வகையில் அதன் பெயர் தமிழுலகம் அறிந்ததே. ஆயினும் அவ்வூரையும், அதைச் சூழ்ந்த தேவாரம், கோம்பை, போடி, கம்பம் வட்டாரத்தையும் விளங்கிக்கொள்ள விரும்புவோர் விடியலுக்கு முன்னரே புறப்படும் ஜீப்புகளைக் காணவேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் அவை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்களுள் பெண்களே மிகுதி. ஒரு மாநிலத்தில் கண்விழித்து, மற்றொரு மாநிலத்தில் உழைத்து, அந்தியில் வீடு திரும்பும் இம்மக்கள் நோயுற்றால் அவர்களைப் பேணும் பொறுப்பு யாருடையது? இக்கேள்வியையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டியது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகும், குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களே அதன் வரம்புக்குள் வந்தன. லயங்களில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் தேயிலைத் தொழிலாளிக்குப் பொருந்திய அச்சட்டம், சிறு ஏலத்தோட்டத்திற்கு அன்றாடம் வந்து போகும் கூலிக்காரப் பெண்ணை எட்டவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அது அடங்கிவிட்டது.

காப்பீட்டுத் திட்டங்கள் இல்லாமலில்லை. தமிழக அரசு 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீடு 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. கேரள அரசு 2017இல் 'ஆவாஸ்' திட்டத்தின் வழியே, பதிவு செய்துகொள்ளும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு 15,000 ரூபாய் வரையிலான சிகிச்சையையும், விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயையும் அறிவித்தது. இவை நன்றியுடன் ஏற்கத்தக்கவையே. ஆனால் இத்தகைய காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கும் நிலை வந்த பின்னரே கைகொடுக்கிறது. பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட செடிகளுக்கிடையே நாள்முழுதும் குனிந்திருப்பவரின் தோல் அரிப்பும், தீராத இருமலும், இரத்தசோகையும் அந்நிலைக்கு வருமுன் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம்தான்; வெளிநோயாளர் பிரிவு திறக்கும் வேளையில் அப்பெண் மலைமீது இருக்கிறாள். மருத்துவரைக் காண அவள் தர வேண்டிய கட்டணம் ஒரு நாள் கூலி. இந்தக் கணக்கு எந்தத் திட்டத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதே நம் கருத்து.

முற்கால முஸ்லிம் உலகின் 'பீமாரிஸ்தான்' என்னும் மருத்துவமனைகளை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமாகும். டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் நிறுவியதும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பியதும் அவற்றுள் புகழ்பெற்றவை. கலாவூனின் மருத்துவமனை வக்ஃபு வருவாயில் நடைபெற்றது. செல்வர், வறியர், உள்ளூரார், அயலார் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அது திறந்திருக்க வேண்டுமென அதன் வக்ஃபு ஆவணம் வகுத்தது. குணமடைந்து வெளியேறுபவர் உடனே உழைக்கப் போகவேண்டிய கட்டாயம் நேராதிருக்கச் சிறிது பணமும் கொடுத்தனுப்பினர் என்று மரபாகச் சொல்லப்பட்டு வருகிறது. இழந்த கூலியும் நோயின் ஒரு பகுதியே என்ற புரிதல் அதில் தெரிகிறது.

அத்துணைத் தொலைவு செல்லாமல் தமிழகத்திலேயே ஒரு முன்மாதிரியைக் காணலாம். நாம் சொல்வது கம்பத்தை அடுத்த கூடலூர் அன்று; நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர் குடியேறிய வட்டாரமும் அதுவே. அங்குப் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடியினரின் நில உரிமைக்காக 1986இல் 'அக்கார்டு' என்ற அமைப்பு தோன்றியது. நிலம் கேட்கச் சென்றவர்கள், பிரசவத்திலும் எளிய நோய்களிலும் மக்கள் மடிவதைக் கண்டு மருத்துவத்தையும் கையிலெடுத்தனர். முதலில் கிராமந்தோறும் பழங்குடியினருள்ளேயே சுகாதாரப் பணியாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். 1990இல் 'அஷ்வினி' அமைப்பின் கீழ் மருத்துவமனை உருவாயிற்று. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அதனை வளர்த்தெடுத்தனர். செவிலியராகப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றனர். 'வெள்ளைச் சுவருக்குள் போனால் பிணமாகத்தான் வரலாம்' என்ற வகை அச்சமுள்ள மக்களிடம், தம் மொழி பேசும் ஒரு முகம் வாயிலில் நிற்பது எத்துணை மருந்துக்குச் சமம்!

1992இல் அவர்கள் தொடங்கிய காப்பீட்டு முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை செலுத்துவர். அவர்கள் அனைவருக்குமாக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தில் குழுக் காப்பீடு எடுக்கப்பட்டது. நோயாளி கையிலிருந்து பணம் எடுக்காமல் சிகிச்சை பெறுவார். நிறுவனத்திடம் தொகை கோரும் எழுத்துவேலையை அமைப்பே பார்த்துக்கொள்ளும். எழுத்தறியாத ஏழைக்குக் காப்பீடு கைக்கெட்டாமற் போவது பெரும்பாலும் அந்த எழுத்துவேலையால்தான். அரசு நலத்திட்டங்களை வகுப்போர் இதனை இன்னும் போதுமான அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இம்முறையைப் பண்ணைப்புரத்திற்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. கூடலூரில் மக்களை ஒன்றுசேர்க்க முன்னரே ஒரு சங்கம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் கூலியாட்களோ பல சாதியினர், பல ஊரினர். இன்று இவருக்கு, நாளை வேறொருவருக்கு வேலை செய்பவர்கள். ஆயினும் கொடையுள்ளம் இப்பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. உத்தமபாளையத்தில் 1956 முதல் இயங்கிவரும் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி அதற்குச் சான்று. அத்தகைய அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் மருத்துவத்தின் பக்கம் திரும்புமாயின், முதற்கண் கட்டடம் தேவைப்படாது. மாலை ஐந்து மணிக்குமேல் திறக்கும் ஓர் அறை, வாரத்தில் சில நாட்கள் வரும் ஒரு மருத்துவர், காப்பீட்டு அட்டையின் படிவத்தை நிரப்பித் தரும் உள்ளூர்ப் பெண்கள் இருவர் போதும். சங்கமில்லாத இம்மக்கள் நாள்தோறும் ஒன்றாகக் கூடும் ஒரே இடம் ஜீப்தான். அந்த அறை அது வந்து நிற்கும் தெருவிலேயே இருக்கவேண்டும்.