ரம்ப மேஜைக்கு ஏற்ற விசை

தச்சுக் கொட்டகை வைத்திருக்கும் சங்கங்களில் அது பெரும்பாலும் ஓயாத வேலை நடக்கும் இடமாகவே இருக்கும். பழுதுபட்ட படைமரமும் மிதிக்கட்டையும் அங்கே செப்பனிடப்படுகின்றன. தோட்டக்கார அங்கத்தினர்களுக்கு வேண்டிய பழப்பெட்டிகளுக்குப் பலகை அறுப்பதும் அங்கேதான். இக்கொட்டகைகளிலுள்ள வட்ட ரம்ப மேஜையைப் பற்றிப் பேச்சு வந்தால், ரம்பத்தின் பல், மோட்டாரின் சக்தி, பெல்ட்டின் இறுக்கம் என்று நெடுநேரம் பேசுவோம். ஆனால் அதை ஓட்டி நிறுத்தும் விசையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது கெட்டுப்போகும் நாளில், கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறோம்.

எங்கள் கொட்டகையிலும் அப்படித்தான் நடந்தது. பழைய விசை தீய்ந்துபோகவே, கிணற்று மோட்டாரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்டார்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினோம். சில நாட்கள் சென்றபின் ஒரு நண்பகலில், பலகை பாதி அறுபட்டிருக்கையில் மின்சாரம் நின்றது. ரம்பம் ஓய்ந்ததும், மேஜைப் பிளவில் சிக்கியிருந்த சிராயை எடுக்க நம் தச்சர் குனிந்தார். நல்லவேளையாக விரலை நீட்டாமல் ஒரு குச்சியால் நெம்பினார். அக்கணமே மின்சாரம் திரும்பிற்று. ஒருவரும் பொத்தானைத் தொடாமலே ரம்பம் சுழன்றது. குச்சி எதிர்ச் சுவரில் போய் மோதிற்று. அத்தச்சர் மாலை வேளைகளில் தறியில் அமர்ந்து அறுந்த இழை முடிபவர். குச்சியிருந்த இடத்தில் அவர் விரல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஸ்டார்ட்டரில் பழுது ஒன்றுமில்லை. தனக்கு இட்ட வேலையை அது சரியாகவே செய்தது. நமது விவசாய அங்கத்தினர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கியிருக்கும். மும்முனை மின்சாரம் குறித்த நேரங்களில் மட்டும் கிடைத்த காலங்களில், நள்ளிரவில் எழுந்து கிணற்றடிக்கு ஓடுவதைத் தவிர்க்க, மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானே ஓடும்படி 'ஆட்டோ சுவிட்ச்' வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஸ்டார்ட்டரிலும் அந்த இணைப்பு அப்படியே இருந்தது. கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் இறைக்கும் யந்திரம் தானே ஓடத் தொடங்கினால் வாய்க்காலில் நீர் பாயும். ரம்பம் தானே ஓடத் தொடங்கினால் இரத்தம் பாயும். கிணற்றுக்கு அனுகூலமாக உள்ள ஏற்பாடே ரம்பத்துக்குப் பெரும் அபாயமாகிறது.

ஆகவே, புதிய விசை வாங்கும்போது முதன்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், இது என்ன செய்யும்? சுவரில் பொருத்தும் சாதாரண விசையும், கைப்பிடியுள்ள இரும்புப்பெட்டி மெயின் சுவிட்சும் போட்ட நிலையிலேயே நிற்கும். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் ஓடும். இவை தனியே ரம்பத்துக்கு உதவா. நமக்கு வேண்டுவது காந்தத்தால் இயங்கும் விசை. அதிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது. அக்காந்தம் இழுப்பதால் தொடுமுனைகள் சேர்ந்து மோட்டார் ஓடுகிறது. உடன் சேரும் சிறு தொடுமுனை ஒன்று, விரலை எடுத்த பின்னும் சுருளுக்கு மின்சாரம் கிடைக்கச் செய்கிறது. மின்சாரம் நின்றால் காந்தம் தன் பிடியை விடும், தொடுமுனைகள் பிரியும், மறுபடி யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை பிரிந்தே இருக்கும். ஒயர்மேன்கள் 'நோ வோல்ட் காயில்' என்று சொல்வது இச்சுருளைத்தான். பச்சைப் பொத்தானைக் கயிற்றால் கட்டியோ, குச்சி செருகியோ அழுத்தியபடி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்விதம் செய்தால் இப்பாதுகாப்பு முழுவதும் வீணாகும்.

அடுத்தது அளவு. 2 குதிரைச் சக்தியுள்ள ஒருமுனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். இதனால்தான் 16 ஆம்பியர் என்று எழுதிய சுவர் விசைகூட நாளடைவில் பொறி பறந்து தீய்கிறது. சில வேளைகளில் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது விசையை அணைத்தாலும் ரம்பம் நிற்காது. காந்த விசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே சாதனத்தின் மேல் 25 ஆம்பியர் என்றும் 9 ஆம்பியர் என்றும் இரண்டு எண்கள் இருக்கக் கூடும். 'ஏசி-1' என்ற குறிக்கு எதிரே உள்ள பெரிய எண் வெப்ப அடுப்பு போன்ற சுமைகளுக்கு உரியது. 'ஏசி-3' என்ற குறிக்கு எதிரே உள்ள சிறிய எண்ணே மோட்டாருக்கு உரியது. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டினால், நாம் சிறிய எண்ணைத் தேடிப் பார்ப்பது உசிதம். சுருளின் வோல்ட்டும் பொருந்த வேண்டும். 230 வோல்ட்டுச் சுருளை இரண்டு முனைகளுக்கிடையே 415 வோல்ட்டில் கொடுத்தால் எரிந்துபோகும். மோட்டாரின் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு ஏற்ப ஓவர்லோடு ரிலேயைத் திருப்பி வைத்து, அது கையால் மட்டுமே மீட்கக்கூடிய நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில மோட்டார்களுக்குள்ளேயே சூட்டைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு தடுப்பு ஒன்று உண்டு. அது செயற்பட்டால் மோட்டார் நின்றுவிடும். ஆனால் வெளியிலுள்ள காந்த விசைக்கு அச்செய்தி தெரியாது. சூடு தணிந்ததும் ரம்பம் தானே கிளம்பும். ஆதலால், என்ன காரணத்தால் ரம்பம் நின்றாலும் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டே அருகில் செல்ல வேண்டும்.

நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அதன் தரத்தைப் போலவே முக்கியமானது. பலகையைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு கைகளும் ஓய்வில்லை. பலகை பின்னோக்கி உதைக்கும் சமயத்தில் அதை விட்டுவிட்டுப் பொத்தானைத் தேட முடியாது. எனவே, அது மேஜையின் முன்புறத்தில், ரம்பத்தைத் தாண்டிக் கை நீட்டாமல், தொடையாலோ முழங்காலாலோ அழுத்தக்கூடிய உயரத்தில் அமைய வேண்டும். காளான் குடைபோல் புடைத்த சிவப்புப் பொத்தான் நல்லது. அழுத்தினால் உள்ளேயே பூட்டிக்கொண்டு, திருகினால்தான் வெளிவரும் வகை இன்னும் நல்லது. பச்சைப் பொத்தானோ விளிம்புக்குள் பதிந்திருக்க வேண்டும். பலகை உரசினாலும் அது அழுந்தக் கூடாது.

ஸ்டார்ட்டரில் சிறிய பொத்தான்களே இருந்தால், தச்சரே அதற்கு வழி செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீளமுள்ள பலகைத் துண்டை, மேல்விளிம்பில் கீல் வைத்து ஸ்டார்ட்டருக்கு முன் தொங்கவிட வேண்டும். பச்சைப் பொத்தானுக்கு நேரே விரல் நுழையும் துளை ஒன்று இடலாம். சிவப்புப் பொத்தானுக்கு நேரே, பலகையின் உட்புறத்தில் சிறு கட்டை ஒன்றை ஒட்டலாம். முழங்கால் பட்டதும் பலகை நகர்ந்து பொத்தானை அழுத்தும். எங்கள் கொட்டகையில் இப்போது இருப்பது இதுவே. மாம்பலகை மீந்த துண்டில் செய்தது.

எந்த விசையும் ரம்பத்தை அக்கணமே நிறுத்திவிடுவதில்லை. மின்சாரம் போன பின்னும் ரம்பம் சில விநாடிகள் சுழலும். மரத்துண்டை வைத்து அழுத்தி அதை நிறுத்த முயல்வது ஆபத்து. தோல் பட்ட மாத்திரத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் ரம்பத்தை நிறுத்தும் யந்திரங்கள் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளன. ஆனால் அது ரம்ப மேஜையோடு சேர்த்தே அமைக்கப்படும் ஏற்பாடு. விசையை மாற்றிப் பெறக்கூடியதன்று.

விசையின் பெட்டி மரத்தூள் புகாததாக இருக்க வேண்டும். 'ஐபி 54' அல்லது அதற்கு மேற்பட்ட குறியுள்ளது போதும். தொடுமுனைகளுக்கிடையே தூள் படிந்தால் சூடேறித் தீப்பற்றவும் இடமுண்டு. இது தவிர, மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சு ஒன்று, பூட்டுப் போடும் வசதியுடன், தனியே இருக்க வேண்டும். ரம்பத்தைக் கழற்றி மாற்றுகிறவர் சிவப்புப் பொத்தானை மட்டும் நம்பாமல், அதைப் பூட்டிச் சாவியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்வதும், மேஜைக்கும் மோட்டாருக்கும் நில இணைப்பு கொடுப்பதும் அவசியம்.

பொருத்தி முடித்த அன்றே ஒரு சோதனை செய்யலாம். மெயினைப் பூட்டிவிட்டு ரம்பத்தைக் கழற்றுங்கள். பிறகு மெயினைத் திறந்து மோட்டாரை ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கையில் மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டார் ஓயும் வரை காத்திருந்து, மீண்டும் போடுங்கள். மோட்டார் அசையாமல் நிற்க வேண்டும். ஓடினால் அந்த விசையைக் கழற்றிவிடுங்கள். எங்கள் பழைய ஸ்டார்ட்டரை இவ்விதம் சோதித்தபோது அது மூன்று முறையும் ஓடிற்று. அதை மறுபடியும் கிணற்றடிக்கே அனுப்பிவிட்டோம். அங்கே நன்றாக உழைத்து வருகிறது.