வளர்த்தி ஊசி யாருக்கு?

குழந்தை மருத்துவம் பார்க்கும் என்னிடம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி கேட்டு வருகிற பெற்றோரில் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு அந்த ஊசி தேவையே இல்லை. உண்மையில் தேவைப்படுகிற பிள்ளைகளோ தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது அதிகமாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்தான் எலும்பை நீள வைக்கிறது. ஒரு காலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது சொற்பம் என்பதால், சுரப்பு இல்லாத குழந்தைகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலர் பின்னாளில் மூளையை அழிக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தது தெரியவந்ததும், 1985-இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு, பாக்டீரியாவைக் கொண்டு ஆய்வகத்தில் தயாரித்த ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மருந்துத் தட்டுப்பாடு தீர்ந்ததும் புதுக் கேள்வி முளைத்தது: சுரப்பில் குறையில்லாத, வெறுமனே குட்டையான பிள்ளைக்கும் போட்டால் என்ன? 2003-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கும் வழிவிட்டது, வயதுக்கு மிகக் குட்டையான 1.2 சதவீதப் பிள்ளைகள் என்ற எல்லையோடு.

பதினோரு வயதுப் பையனை ஓர் அப்பா கூட்டிவந்தார். "டாக்டரம்மா, இவனைப் போலீஸ்ல சேக்கணும்னு ஆசை. 170 சென்டிமீட்டர் இருக்கணுங்கிறாங்க. எப்படியாவது வளத்தி விட்டுடுங்கம்மா."

அப்பா 162 செ.மீ., அம்மா 150. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, பாதியாக்கினால், பையன் வளர்ந்து எட்டக்கூடிய உயரம் 162.5. இது தோராயக் கணக்கு, எட்டு செ.மீ. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயதும் பதினொன்றுதான் காட்டியது. தைராய்டு சரியாக இருந்தது. வருடத்துக்கு 5 செ.மீ. வளர்ந்துகொண்டிருந்தான். அப்பாவின் பிள்ளை அப்பாவைப் போல வளர்கிறான், அவ்வளவுதான்.

ஊசியை வழக்கமாக ஒவ்வொரு இரவும் போட வேண்டும், அதுவும் பல வருடங்களுக்கு. மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சுரப்பில் குறையில்லாத குட்டைப் பிள்ளைகளுக்கு இதனால் கூடுவது சராசரியாக 4 முதல் 7 செ.மீ. "அது போதும்மா" என்றார். நான் மறுத்துவிட்டேன். செலவை நினைத்து மட்டும் மறுக்கவில்லை. நீ பிறந்தபடி இருந்தால் போதாது என்று அந்தப் பையனுக்கு ஒவ்வொரு இரவும் ஊசியால் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஹார்வர்டின் தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டல் 2007-இல் உடம்பை இப்படி மேம்படுத்துவதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிள்ளை நமக்குக் கிடைத்த கொடை, நம் திட்டப்படி செய்து முடிக்க வேண்டிய பொருள் அல்ல என்பது அவர் வாதம். நோயைக் குணப்படுத்துவதை அவர் எதிர்க்கவில்லை. நல்ல உடம்பைத் தன் ஆசைக்கு வளைக்கும் வேகத்தைத்தான் எதிர்க்கிறார். அதே ஆண்டு பிரிட்டனின் தத்துவ அறிஞர் ஜான் ஹாரிஸ் நேர்மாறாக எழுதினார்: மேம்படுத்த முடிந்தால் மேம்படுத்துவதே கடமை, தடுப்பூசியும் ஒரு மேம்பாடுதானே என்று.

ஹாரிஸின் கேள்வியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். தடுப்பூசி போடுவது என் அன்றாட வேலை. ஆனால் ஒரு குழந்தைக்குப் போட்ட தட்டம்மைத் தடுப்பூசி பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காக்கிறது. உயரம் அப்படியில்லை. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் இரண்டு அங்குலம் வளர்ந்தாலும் வரிசையில் கடைசியில் நிற்பவன் கடைசியில்தான் நிற்பான். அங்கே நான் சாண்டல் பக்கம்.

மருத்துவர்களிடையே இன்னொரு கேள்வி உண்டு. இரண்டு பையன்கள், இருவரும் வளர்ந்து 160 செ.மீ. மட்டுமே எட்டுவார்கள். ஒருவனுக்கு மூளைக் கட்டியால் சுரப்பு நின்றுவிட்டது. மற்றவனின் பெற்றோர் குட்டை. முதலாமவனுக்கு மட்டும் ஊசி என்பது நியாயமா? முதலாமவனின் உடம்புக்கு அந்த ஹார்மோன் உயரத்துக்கு மட்டுமல்ல, தசைக்கும் எலும்பின் உறுதிக்கும் வேண்டும். கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸிக்குச் சிறுவயதில் போட்டதும் இப்படிக் குறையை நிரப்பிய ஊசிதான். இரண்டாமவனின் வருத்தமும் சின்னதல்ல. ஆனால் அதை உண்டாக்குவது வகுப்புக் கேலியும், பெண் பார்க்கும் பேச்சும், வேலைக்கான அளவு விதியும். அவற்றைத் திருத்தும் பொறுப்பு பெரியவர்களுடையது. அதைப் பிள்ளையின் தோலில் ஊசியாக இறக்கக்கூடாது.

பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். அண்ணன் மகனோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பிள்ளையின் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். நான்கு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 5 செ.மீ.கூட வளரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவமடைந்து எலும்பின் வளர்முனைகள் மூடிவிட்டால் எந்த ஊசியாலும் உயரம் கூடாது.