அண்ணா கண்ட நான்கு அவைகள்

ஆசிரியர் சட்டமன்ற உறுப்பினராவது தமிழகத்துக்குப் புதிதல்ல. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த க. அன்பழகனைக் கடைசிவரை ‘பேராசிரியர்’ என்றே அழைத்தோம். காஞ்சிபுரத்து அண்ணாவும் கொஞ்ச காலம் ஆசிரியர்தான் என்பது பலர் நினைவில் இல்லை.

1909-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பை இடையில் விட்டு, காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்து, சென்னைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியரானார். அங்கே நிலைக்கவில்லை, பத்திரிகையும் மேடையும் இழுத்துக்கொண்டன. 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்தே ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது, அதைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வலி தெரியும்.

1957-இல் காஞ்சிபுரம் மக்கள் அவரைச் சட்டப்பேரவைக்கு அனுப்பினார்கள். 1962-இல் அதே ஊர் அவரைத் தோற்கடித்தது. அந்தத் தேர்தலில் அவருடைய கட்சியான திமுக 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு வளர்ந்தது. ஆனால் தலைவருக்கே இடமில்லை. மாநிலங்களவைக்குப் போனார். 1967-இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். ஆனால் மாநிலத்தில் ஆட்சி திமுக கைக்கு வந்துவிட்டது, அண்ணா முதலமைச்சரானார்.

பேரவை உறுப்பினர் அல்லாதவர் எப்படி முதலமைச்சராக முடியும்? அரசியல் சட்டத்தில் வழி உண்டு. பதவியேற்ற 6 மாதத்துக்குள் மாநிலச் சட்டமன்றத்தின் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும். அன்று மாநிலத்தில் பேரவையோடு மேலவையும் இருந்தது. அண்ணா அந்த மேலவையின் உறுப்பினரானார். மேலவையில் இருக்கும் அமைச்சர் பேரவையில் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வாக்களிக்கத்தான் முடியாது. 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டும் தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. நிறைவேறியதும் அண்ணா “தமிழ்நாடு” என்றார். உறுப்பினர்கள் “வாழ்க” என்றார்கள். மூன்று முறை. வகுப்பில் வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்வதைப் போல. எனக்கு அவருடைய ஆசிரியர் முகம் மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

அந்த மேலவை இன்று இல்லை, 1986-இல் கலைக்கப்பட்டது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு ஆசிரியர்களே வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கர்நாடகம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் அந்த ஆசிரியர் தொகுதிகள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமானால், இப்போது பொதுத் தொகுதியில் நின்று வென்றாக வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியரென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும்.