ஸ்டிக்கரா, ஃபிலிமா, கோட்டிங்கா? கார் பெயின்ட்டுக்கு மேல் எதைப் போடலாம்?

புதுக் கார் டெலிவரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷோரூமிலிருந்து போன் வரும். "சார், டெஃப்லான் போதுமா, செராமிக் போட்டுடலாமா, இல்ல பி.பி.எஃப்.பே பண்ணிடலாமா? இப்பவே சொன்னீங்கன்னா பேக்கேஜ்ல முடிச்சுத் தரேன்." கார் வாங்கும் குஷியில் இருப்பவர், பத்து லட்சத்தோடு இன்னும் ஐம்பதாயிரம் போனால் போகட்டும் என்று தலையாட்டிவிடுகிறார். எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

காரின் உடம்பு மேல் போடுவதற்கு இன்று சந்தையில் விற்பவை முக்கியமாக மூன்று. நிறத்தையே மாற்றிக் காட்டும் வினைல் ராப், கல்லடியைத் தாங்கும் பி.பி.எஃப். என்கிற பாதுகாப்பு ஃபிலிம், மினுமினுப்பைக் கூட்டும் செராமிக் கோட்டிங். மூன்றுக்கும் மூன்று வேலைகள். ஆனால் விற்பவர் வாயால் கேட்டால் மூன்றுமே எல்லா வேலையையும் செய்யும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நாம் காப்பாற்ற நினைக்கும் பெயின்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 100 மைக்ரான். மொத்தப் பெயின்ட்டில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காப்பது இந்த அடுக்குதான். மெஷின் வைத்து பாலிஷ் போடும்போதெல்லாம் இதிலிருந்துதான் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறார்கள். வருடம் தவறாமல் 'ரப்பிங் பாலிஷ்' போடும் வீடுகளில் கார் சீக்கிரமே வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மெல்லிய அடுக்குக்கு நம் ஊரில் எதிரிகள் அதிகம். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகடு கொதிக்கும்போது கிளியர் கோட் இளகி விரிகிறது, மாலையில் சுருங்குகிறது. எச்சம் மேலே காய்ந்து கிடந்தால் அதன் வடிவம் அப்படியே பெயின்ட்டில் பதிந்துவிடும். சென்னையில் போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பும் மெக்னீசியமும் வட்ட வட்டமாகத் தங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஜல்லி லாரியின் பின்னால் போனால் பம்பரிலும் பானெட் விளிம்பிலும் பொட்டுப் பொட்டாகக் கல்லடி. இதையெல்லாம் விட அன்றாடம் நடக்கும் சேதம் ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, எட்டு கார். முதல் காரின் மண் எட்டாவது காரில் தேய்கிறது. காலை வெயிலில் கருப்புக் காரைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும் வட்டக் கோடுகள் அந்தத் துணியின் கைவரிசை.

சரி, முதலில் வினைல். கடைக்காரர்களே இதை 'ஸ்டிக்கர்' என்றுதான் சொல்வார்கள். காருக்கு முழு ராப் போடும் பழக்கம் பரவியதில் ஜெர்மனி டாக்சிகளுக்குப் பங்குண்டு. அங்கே அப்போது டாக்சி என்றால் வெளிர் தந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த நிறத்தில் பெயின்ட் அடித்த காரைப் பிறகு விற்பது கஷ்டம். அதனால் 1990களில் பெயின்ட்டுக்குப் பதில் ஃபிலிம் ஒட்டினார்கள். டாக்சி ஓடி முடிந்ததும் உரித்துவிட்டால் உள்ளே கம்பெனி நிறம் அப்படியே. ராப்பின் முழுத் தத்துவமும் இவ்வளவுதான்: பழைய நிறத்துக்குத் திரும்ப வழி வைத்துக்கொண்டு நிறம் மாற்றுவது.

வினைலில் இரண்டு ஜாதி. உருளைகளுக்கு இடையே அழுத்தி நீட்டித் தயாரிக்கும் காலண்டர்டு வினைல் விலை மலிவு. ஆனால் நீட்டியதை அது மறப்பதில்லை, வெயில் பட்டால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். கதவு விளிம்பிலும் கண்ணாடிக் குமிழ் வளைவிலும் தூக்கிக்கொண்டு நிற்பது இந்த வகைதான். திரவமாக ஊற்றி உலரவைத்துத் தயாரிக்கும் காஸ்ட் வினைல் இன்னும் மெல்லியது, வளைவுக்கு வளைந்து கொடுக்கும், சுருங்காது. கடைக் கண்ணாடிக்கும் தட்டையான பலகைக்கும் முதல் வகை போதும். முழுக் காருக்கு இரண்டாவதைத் தவிர வேறு எதையும் ஒட்டச் சம்மதிக்காதீர்கள்.

நல்ல காஸ்ட் வினைலின் தடிமன் ஏறத்தாழ 80 முதல் 100 மைக்ரான். மெல்லிய உரசலையும் வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். கல்லடியைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயுள் நம் வெயிலில் மூன்று, நான்கு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கதவை விட பானெட்டிலும் கூரையிலும் சீக்கிரம் வெளுக்கும். ஃபிலிம் கம்பெனிகளே வானம் பார்த்த பரப்புக்கும் வெப்ப நாடுகளுக்கும் உத்தரவாதக் காலத்தைக் குறைத்துத்தான் தருகின்றன. காலம் தாண்டி விட்டுவைத்தால் நொறுங்கி நகக்கண் அளவுத் துண்டுகளாக வரும், பசை பெயின்ட்டிலேயே தங்கும். ஒட்டிய கூலியை விட உரிக்கும் கூலி அதிகமாகிவிடுவது அப்போதுதான்.

மேட் கருப்பு ஸ்டிக்கர் மோகம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு வாக்ஸ் போடக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, திட்டுத் திட்டாகப் பளபளத்துவிடும். ஆயுத பூஜைக்கு பானெட்டில் சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்து, மூன்று நாள் கழித்துத் துடைத்தால் மேட் பரப்பின் நுண்குழிகளில் மஞ்சளும் சிவப்பும் தங்கிவிடும். பொட்டை நம்பர் பிளேட்டில் வையுங்கள், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது பி.பி.எஃப். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகள் மணலும் சிதறலும் பட்டு அரிக்கப்பட்டன. அவற்றின் விளிம்பைக் காக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் ஃபிலிமின் வழித்தோன்றல்தான் இது. பின்னர் ரேஸ் கார்களுக்கு வந்தது, அங்கிருந்து சொகுசுக் கார்களுக்கு, இப்போது ஹேட்ச்பேக் வரைக்கும். நிறமற்றது, 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது காரின் மொத்தப் பெயின்ட்டை விடத் தடிமன். கல் வந்து அடித்தால் அமுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். நல்ல ஃபிலிமின் மேலடுக்கில் விழும் மெல்லிய கோடுகள் வெயிலில் நின்றாலோ வெந்நீர் ஊற்றினாலோ தாமாக மறையும். இதைத்தான் 'செல்ஃப் ஹீலிங்' என்று வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டுவது உண்மைதான். யாராவது சாவியால் ஆழமாகக் கிழித்துவிட்டுப் போனால் அது ஆறாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தில்லுமுல்லு சரக்கில். உண்மையான பி.பி.எஃப். என்பது டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் வகை. டி.பி.ஹெச். என்ற பெயரில் வருவது அடிப்படையில் மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. ஒட்டிய அன்று இரண்டும் பளிங்கு மாதிரி ஒரே போல இருக்கும். ஓரிரு கோடைக்குள் பி.வி.சி. மஞ்சளடித்து விறைத்துவிடும். வெள்ளைக் காரில் அது பளிச்சென்று தெரியும். சென்னை ஜி.பி. ரோடு தொடங்கி ஊருக்கு ஊர் இருக்கும் டீடெய்லிங் கடைகள் வரை இரண்டும் கிடைக்கும். பாதி விலை சொன்னால் பாதிச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது வீண் போகாது. பி.பி.எஃப்.பை ஷாம்பு கலந்த தண்ணீர் தெளித்து, நழுவவிட்டு நழுவவிட்டுச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, ரப்பர் தகட்டால் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். வினைலைப் பெரும்பாலும் உலர்வாகத்தான் ஒட்டுவார்கள், ஹீட் கன்னால் சூடு காட்டி இழுப்பார்கள். கவனிக்க வேண்டியது கத்தியை. பிளாட்டர் இயந்திரத்தில் கார் மாடலுக்கு ஏற்ப வெட்டி எடுத்துவந்து ஒட்டினால் காரின் மேல் கத்தி படும் வேலை குறைவு. காரின் மேலேயே விரித்து விளிம்பில் பிளேடால் அறுப்பவர் கை கொஞ்சம் அழுத்தினாலும் கிளியர் கோட்டில் கோடு விழும். அது ஃபிலிமை உரிக்கும் நாள் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. பம்பரின் உள்மடிப்பு வரை ஃபிலிமைச் செருகி முடித்திருக்கிறாரா, விளிம்போடு நிறுத்திவிட்டாரா என்பதும் விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, டிங்கரிங் பெயின்டிங் செய்த கதவும் ஃபெண்டரும். தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுடவைத்து இறுகவைக்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் முழுக் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது, 60, 70 டிகிரியோடு முடித்துவிடுவார்கள். அந்தப் பிடிப்பு தொழிற்சாலைப் பிடிப்பு அல்ல. ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வருவது இத்தகைய இடங்களில்தான். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி ராப் போடுகிறவர்கள் எந்தப் பகுதிக்கு மறுபெயின்ட் ஆகியிருக்கிறது என்று தடிமன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். புதிதாக பெயின்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது ஆறவிட வேண்டும்.

செராமிக் கோட்டிங் ஃபிலிமே அல்ல. சிலிக்கா சார்ந்த திரவத்தைத் துணியில் தேய்த்துப் பூசி, கிளியர் கோட்டோடு பிணையவிடுவது. தடிமன் ஓரிரு மைக்ரான், பல நேரங்களில் அதற்கும் கீழே. இந்த அளவுக்குக் கல்லடியைத் தாங்கச் சொல்வது நியாயமில்லை. '9 ஹெச் கடினம்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும். அது பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9ஹெச் பென்சில் கீறவில்லை என்று பொருள். வைரத்தை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெரு மணலில் இருக்கும் குவார்ட்ஸ் இதைத் தாராளமாகக் கீறும்.

அப்படியானால் எதற்குப் போடுவது? அழுக்கு ஒட்டாமல் எளிதில் வழியும், கழுவும் நேரம் பாதியாகும், பளபளப்பு நிற்கும், எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். இவை நிஜமான லாபங்கள். ஆனால் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டி மயக்குகிறார்களே, அந்த முத்து போர்வெல் தண்ணீராக இருந்து வெயிலில் காய்ந்தால் அங்கும் வெள்ளை வட்டம்தான். பூசுவதற்கு முன் பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுக்காவிட்டால் அவை கோட்டிங்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். பில்லில் பாதித் தொகை அந்த முன்வேலைக்குத்தான் என்றாலும் அது தவறில்லை.

டெஃப்லான் பற்றி ஒரு பத்தி போதும். அந்தப் பொருள் உருகவே 327 டிகிரி வேண்டும். அறைச் சூட்டில் தேய்த்தால் காரில் ஒட்டிப் படியாது. ஷோரூமில் அந்தப் பெயரில் செய்வது சில மாதம் நிற்கும் ஒரு நல்ல பாலிஷ். பாலிஷ் விலை கொடுத்தால் சரி.

செலவுக்கு வருவோம். கடைக்குக் கடை மாறும் என்றாலும், செராமிக் பத்து இருபதாயிரத்திலிருந்து தொடங்கும். முழு ராப் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. உருப்படியான டி.பி.யு. ஃபிலிமை முழுக் காருக்குப் போட்டால் சிறிய காருக்கே லட்சத்தை நெருங்கும். எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு ஒரு லட்ச ரூபாய் ஃபிலிம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து வருடத்தில் பம்பருக்கும் பானெட்டுக்கும் ஒருமுறை பெயின்ட் அடித்தாலும் அவ்வளவு ஆகாது. அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்றால் முன் பம்பர், பானெட், கண்ணாடிக் குமிழ்கள், கதவுக் கைப்பிடிக் குழி, டிக்கி விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் பி.பி.எஃப். ஒட்டி, மீதிக்கு செராமிக் பூசுவதுதான் புத்திசாலித்தனம். ஊருக்குள் மட்டும் ஓடி, கூரைக்கு அடியில் நிற்கும் கார் என்றால் செராமிக்கோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல வாக்ஸோ போதும். நிறம் அலுத்துவிட்டது, ஆனால் விற்கும்போது பழைய நிறம் வேண்டும் என்பவருக்குத்தான் வினைல்.

துணிக் கவர் போட்டு மூடிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. கூரைக்கு அடியில் சரி. தெருவில் நிற்கும் தூசி படிந்த காரில் கவரை இழுத்துப் போட்டால், காற்றில் அது படபடத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் தூசி உப்புத்தாளாக வேலை செய்யும்.

நிறம் மாற்றுவதில் சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் காரின் நிறம் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைப் பற்றியது. ஸ்டிக்கர்தானே, பெயின்ட் இல்லையே என்ற வாதம் ரோட்டில் நிறுத்தும் போக்குவரத்துக் காவலரிடம் எடுபடாது. முழு நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். ராணுவப் பச்சை மீது ஆசைப்பட வேண்டாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி அதைப் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. நிறமற்ற பி.பி.எஃப்.புக்கும் செராமிக்குக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஜன்னலுக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டுவது தனிக் கதை. 2012லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபிலிமின் மதிப்பை பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால், விபத்துக்குப் பிறகு கதவின் பெயின்ட்டுக்குக் கிடைக்கும் பணம் அதன் மேலிருந்த ஃபிலிமுக்குக் கிடைப்பது சந்தேகம். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள புது மாடல் என்றால் உலோகம் கலந்த குரோம் ஃபிலிமை அந்த இடத்தில் ஒட்டக் கூடாது.

கடைசியாக பில். 'பி.பி.எஃப். முழு பாடி' என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஃபிலிம் கம்பெனியின் பெயர், ரோல் எண், டி.பி.யு.வா இல்லையா, எத்தனை மைக்ரான், மஞ்சளடித்தால் உரித்து மாற்றித் தரும் கூலி யாருடையது என்பது வரை எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.