புளியமரத்தடியில் காத்திருந்த கப்பித்தான்

காலம் காட்டும் ஆங்கிலம் – 9

இறந்தகாலத் தொடர்வினைக்கு உதாரணம் தேடித் தோப்பூர்ப் பிள்ளைகள் லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்து மூதூரின் 'வெள்ளைக்காரன் மரம்' போதும்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் ஒருநாள் அதன் கப்பித்தான் ரொபர்ட் நொக்ஸ் கரையிறங்கி, பின்னாளில் 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட புளியமரத்தடியில் காத்திருந்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படைவீரர்கள் சத்தமில்லாமல் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லலாம்: "ஹீ வாஸ் வெயிட்டிங் அண்டர் த ட்ரீ வென் த சோல்ஜர்ஸ் சரவுண்டட் ஹிம்." காத்திருப்பு முடியுமுன்பே படை வந்துவிட்டது. முடியாமல் நின்ற செயலுக்கு 'வாஸ் வெயிட்டிங்'. இடையில் புகுந்ததற்குச் சாதாரண இறந்தகாலம், 'சரவுண்டட்'.

அமைப்பு எளிது. ஐ, ஹீ, ஷீ, இட் என்றால் 'வாஸ்'. வீ, யூ, தே என்றால் 'வேர்'. அதன்பின் வினைச்சொல்லோடு 'இங்'. மறுக்க, நடுவில் 'நாட்'. கேள்வி கேட்க, 'வாஸ்' அல்லது 'வேர்' முன்னால் வரும். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் தேவை: 'சிட்' என்பதற்கு 'இங்' சேர்க்கும்போது கடைசி எழுத்தான 'டீ' இரட்டிக்கும், 'வெயிட்' என்பதற்கு இரட்டிக்காது, 'ரைட்' கடைசி 'ஈ'யை இழக்கும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். நீண்டகாலம் நடந்ததெல்லாம் தொடர்வினை என்று நினைத்துவிடுகிறார்கள். கப்பித்தானின் மகன், அவர் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான், 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பினார். அவ்வளவு நீண்ட வாழ்வையும் முழுசாகச் சொல்லும்போது 'ஹீ லிவ்ட் தேர்' என்றே வரும். 1670 என்று ஒரு புள்ளியில் நின்று பார்த்தால்தான் 'ஹீ வாஸ் லிவிங் தேர்'. அன்று அது இன்னும் முடியவில்லையே!

'வாஸ்' வந்தாலே தொடர்வினை என்றும் எண்ணவேண்டாம். 'ஹீ வாஸ் கேப்ச்சர்ட்' என்றால் அவர் பிடிக்கப்பட்டார், அது செயப்பாட்டுவினை.

'நோ' (அறிதல்) போன்ற, மனநிலையைச் சொல்லும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. ஆபத்து வருவது கப்பித்தானுக்குத் தெரியாது என்பதை 'ஹீ வாஸ் நாட் நோவிங்' என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி போய்விடும். 'ஹீ டிட் நாட் நோ' என்பதே சரி.

இந்த வாரப் பயிற்சி: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, தோப்பூரிலிருந்து தரைவழியே திருகோணமலை போனவர்கள் கிண்ணியாவில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தார்கள். 'பாதை நீரைக் கடந்துகொண்டிருந்தது, மழை தொடங்கியது.' இரண்டையும் ஒரே ஆங்கில வாக்கியமாக, ஒருமுறை 'வென்' போட்டும் இன்னொருமுறை 'வைல்' போட்டும் எழுதிப்பாருங்கள். விடை அடுத்த இதழில்.