தோட்டாவைப் பிளந்த குதிரை லாயம்

மரக்காணம் உப்பளக் கரையில் பித்தளைக் குடத்தைச் சில நாள் துலக்காமல் விட்டால் பச்சை பூத்துவிடும். உப்புக் காற்று பித்தளையைக் கறைப்படுத்தும். ஆனால் அதைப் பிளக்க வல்லது வேறொன்று.

தோட்டாக் கூடு, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே அச்சில் அழுத்தி, குழல் வடிவில் இழுப்பார்கள். உராய்வைக் குறைக்க மசகு தடவுவார்கள். வேலை முடிந்ததும் அதை நீக்கியாக வேண்டும். பிசுக்குப் போக்குவதில் அம்மோனியா கெட்டிக்காரப் பொருள்தான். ஆயினும் இங்கே அதைத் தொடவே கூடாது. ஏன்?

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாமலே பல கூடுகளில் விரிசல்! அதுவும் குண்டை இறுகப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் மிகுதி. ‘பருவ விரிசல்’ என்று இதற்குப் பெயர் வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினர். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரித்தது. இழுத்தபோதும் நெரித்தபோதும் உலோகத்துள் தங்கிவிட்ட தகைவு, அரித்த இடத்தைப் பிளந்தது. தகைவு மட்டும் இருந்தாலோ, அம்மோனியா மட்டும் இருந்தாலோ இவ்விரிசல் தோன்றாது.

ஆகவே மசகைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு அலசி உலர்த்துவதே தக்கது. ஆலைகளில் மருந்து நிரப்புமுன் வெறுங் கூட்டை மிதமாகச் சூடாக்கித் தகைவையும் தணிக்கின்றனர். கடையில் விற்கும் பித்தளை மெருகு நீர்மங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.