இரு முயல்களை இணக்கும் முறை

நம் நகரங்களில் முயல் வளர்ப்போர் பலர் உளர். சந்தையிலோ வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடையிலோ ஒன்றை வாங்கிக் கூண்டில் விட்டுப் புல்லும் கீரையும் இட்டு வருவர். சில திங்கள் கழிந்தபின், அது தனியே இருக்கின்றதே என இரக்கமுற்று மற்றொன்றை வாங்கி வந்து, அன்று மாலையே அதே கூண்டினுள் விடுவர். மறுநாட் காலையிற் பார்ப்பின், கூண்டின் அடியில் மயிர்க்கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றன் காது கிழிந்திருக்கும். சில வேளைகளில் ஒன்று உயிர் துறந்தும் கிடக்கும். சாதுவான பிராணி எனப் பெயர் பெற்ற முயல் இங்ஙனம் செய்தது எவ்வாறு என வளர்ப்போர் திகைப்பர். இரக்கத்தாற் செய்த செயல் கொலையாய் முடிவது ஏன் என்பதையும், இரண்டு முயல்களைத் தக்கவாறு இணக்கும் முறை யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நாம் வீட்டில் வளர்க்கும் முயல் நம் இலக்கியங்களிற் பயிலும் முயல் அன்று என்பதை அறிதல் வேண்டும். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வருவதும், தொல்காப்பிய மரபியல் எதன் குட்டியைக் குருளை என வழங்குகின்றதோ அதுவும் நம் நாட்டுக் காட்டு முயலே. அது வளை தோண்டுவதில்லை. புதரடியிற் சிறு பள்ளத்தில் தனித்துப் படுத்துறங்கும். அதன் குட்டி மயிருடனும் திறந்த கண்ணுடனும் பிறக்கும். வளர்ப்பு முயலோ ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம். அது நிலத்தடியில் வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியவாறே பிறந்து, பத்து நாளளவிற் கண் திறப்பன. ஆங்கிலத்தில் இவ்விரண்டற்கும் இருவேறு பெயர்கள் உண்டு. தமிழில் ஒரே பெயர். பெயர் ஒன்றாதல் பற்றி இயல்பும் ஒன்றென மயங்குதல் கூடாது. காட்டு முயலைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ளமையின், அதனைக் குறித்து ஈண்டுப் பேச்சில்லை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பெறும் வெண்ணிறப் பெருமுயல், சோவியத் சின்சில்லா ஆகிய வகைகளும் ஐபீரிய முயலின் வழித்தோன்றல்களே.

கூட்டமாய் வாழும் பிராணி தன்னினத்ததைக் கண்டவுடன் மகிழவேண்டுமன்றோ எனச் சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு விடை வளையினுள் இருக்கின்றது. வேல்ஸ் நாட்டு இயற்கை ஆய்வாளராகிய ரொனால்டு லாக்லி என்பார் காட்டில் வாழும் இவ்வின முயல்களைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கித் தாம் கண்டவற்றை 1964-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் எல்லை உண்டு. கூட்டத்தினுள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே தரவரிசை உண்டு. எல்லையைக் கடந்து வரும் அயல் முயலை அக்கூட்டத்தார் துரத்தியடிப்பர். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி நிகழ்த்திய மிகிட்டோவிச் என்னும் அறிஞர், முயலின் மோவாயடியிலுள்ள சுரப்பிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். முயல் நாற்காலிக் காலிலும் சுவர் மூலையிலும் தன் மோவாயைத் தேய்ப்பதைப் பலரும் கண்டிருப்பர். தினவெடுத்துத் தேய்க்கின்றது என எண்ணுவோரும் உளர். அஃது அவ்விடம் தனதென மணத்தால் எழுதும் பட்டயமாகும். ஆகவே, பழைய முயலின் கூண்டிற் புதிய முயலை விடுவது துணை சேர்ப்பதன்று. ஒருவன் கோட்டையினுள் அவன் பகைவனைக் கயிற்றில் இறக்குவதாகும். அங்கே ஓடுதற்கும் இடமில்லை. காட்டில் தோற்ற முயல் ஓடிப் பிழைக்கும். கூண்டிற் பிழைக்குமாறு எங்ஙனம்?

தனிமையும் அதற்குத் தீங்கே; அயல் முயலும் அதற்குப் பகையே. இவ்விரண்டும் ஒரே கூட்டவாழ்க்கையின் இரு பயன்கள். அயலதாய் வந்ததை அறிந்ததாக மாற்றுதலே இணக்கும் முறையின் சாரம். மற்றவையெல்லாம் இதற்கு உறுப்புக்களே.

இனிச் செய்யவேண்டுவனவற்றைக் கூறுவோம். முதலாவது, ஆணுக்குக் காயடித்தலும் பெண்ணுக்குக் கருப்பை நீக்கலும். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். ஈன்ற அன்றே மறுபடியும் சினைகொள்ளவல்லது. ஆதலின் ஆணும் பெண்ணும் ஒருங்கிருப்பின், ஓராண்டிற்குள் வீடு முழுதும் முயலாகிவிடும். அன்றியும், நான்கு முதல் ஆறு திங்களிற் பருவமெய்தியபின் தோன்றும் சினமும் எல்லைப்பற்றும் இவ்வறுவையால் பெரிதும் தணிகின்றன. ஒரே ஈற்றுக் குட்டிகள் என நம்பி வாங்கியவை அதுகாறும் ஒட்டி உறங்கிப் பருவமெய்தியவுடன் திடீரெனப் போர் தொடுப்பதும் இக்காரணம் பற்றியே. காயடித்த பின்னும் ஆறு வாரம் வரை ஆண்முயல் கருவுறுவிக்கும் ஆற்றல் உடையதாயிருக்கலாம். அதுவரை பெண்ணிடம் விடலாகாது. முயலுக்கு அறுவை செய்து பழகிய கால்நடை வைத்தியரையே நாடுதல் நன்று. நாய்க்குச் செய்வதுபோல் அறுவைக்கு முன் பட்டினியிடல் முயலுக்கு ஆகாது; அதனால் வாந்தியெடுக்க இயலாது; பட்டினியாற் குடலியக்கம் நின்றுவிடும் ஆபத்தே மிகுதி. காயடித்த ஆணொன்றும் கருப்பை நீக்கிய பெண்ணொன்றும் சேர்ந்த இணையே எளிதில் இணங்குவது. பிற இணைகளும் இணங்குவதுண்டு. பொறுமை மிகுதியாக வேண்டும். கினிப்பன்றியை முயலுக்குத் துணையாக விடும் வழக்கம் தவறானது. இரண்டன் உணவும் வேறு, மொழியும் வேறு. முயலின் பின்னங்கால் உதை அச்சிறு பிராணியின் எலும்பை முறித்துவிடும்.

புதிய முயலை இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, நோயின்மை தெளிந்தபின், பழைய முயலின் கூண்டருகே மற்றொரு கூண்டில் வைத்தல் வேண்டும். இரு கூண்டுகளின் கம்பிவலைகளுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் வலைவழியே மூக்கைக் கடித்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒன்றன் படுக்கைப் புல்லையும் மலத்தட்டையும் மற்றதன் கூண்டிற்கு மாற்றி வைக்கலாம். முயல்களையே கூண்டு மாற்றிவிடுதலும் உண்டு. உணவை இருபுறமும் வலையோரத்தில் வைப்பின், எதிர்ப்புறத்து மணமும் உண்ணும் இன்பமும் சேர்ந்தே வரும். முதலில் வலையை நோக்கிப் பாய்தலும் பின்னங்காலால் தரையை அறைதலும் நிகழும். நாளடைவில் இரண்டும் வலையோரத்தில் ஒன்றற்கொன்று அருகே படுத்துறங்கத் தொடங்கும். அந்நிலை எய்தும் வரை அடுத்த படிக்குச் செல்லுதல் கூடாது. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம். ஒரு திங்களும் ஆகலாம்.

அடுத்தது நேர்முகச் சந்திப்பு. இதற்கு இரண்டும் முன்பு மிதித்திராத இடம் வேண்டும். குளியலறையாயினும், அடைத்த தாழ்வாரமாயினும், அண்டைவீட்டு அறையாயினும் பொருந்தும். பழைய முயலின் மணம் எள்ளளவும் அங்கே இருத்தலாகாது. தரை வழுக்குமாயின் சாக்கு விரித்தல் நலம். கால் வழுக்கும் முயல் அஞ்சும், அஞ்சிய முயல் கடிக்கும். இரு வாயிலுள்ள அட்டைப் பெட்டிகள் ஒன்றிரண்டு வைக்கலாம். ஒரே வாயிலுள்ள பெட்டியோ பொறியாய் முடியும். உலர்ந்த புல்லை இரண்டு மூன்று குவியல்களாகப் பரப்பி, உணவுத் தட்டும் நீர்த்தட்டும் இரண்டிரண்டாக வைத்தல் வேண்டும். நம் நாட்டுக் கோடையில் நண்பகலில் இம்முயற்சி ஆகாது. வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடப்பின் முயல் துன்புறும். விடியலும் அந்தியுமே அது இயல்பாக ஊக்கமுறும் பொழுதுகள்.

முதல் நாள் பத்து நிமிடமே போதும். அப்பத்து நிமிடத்தில் நிகழ்வனவற்றைப் படித்தறிவதே இக்கலையின் அருமை. ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இது காமத்தாலன்று, மேலார் யார் கீழார் யார் எனத் துணிதற்பொருட்டே, பெண்முயலும் ஏறுவதுண்டு. சிறிது நேரம் விட்டுவிடலாம். ஆனால் தலைப்புறமாக ஏறின் உடனே விலக்குதல் வேண்டும். கீழுள்ளது மேலுள்ளதன் மறைவிடத்தைக் கடித்து விடும். சிறிது துரத்தலும், வாயில் மயிர்க்கொத்தொன்று வருதலும் அஞ்சத்தக்கன அல்ல. காதுகளைப் பின்னே படியவைத்து, வாலை நிமிர்த்தி, உறுமிக்கொண்டு பாய்தல் போருக்கு அறிகுறி. இரண்டும் ஒன்றன் வாலை மற்றொன்று பற்றச் சக்கரம்போற் சுழலத் தொடங்கின், அடுத்த கணமே குருதி சிந்தும். அப்பொழுது வெறுங்கையை நடுவே நீட்டலாகாது. தடித்த துண்டொன்றையோ அகன்ற பலகையொன்றையோ கைக்கெட்டும் தொலைவில் முன்னரே வைத்திருந்து, அதனால் இடைமறித்தல் வேண்டும். முயலின் தோல் மெல்லியது. பற்பட்ட சிறு புண்ணும் உள்ளே சீழ்க்கட்டியாய் மாறும். மயிரை விலக்கிப் பார்த்தன்றிக் காயமில்லை என முடிவு செய்தல் கூடாது.

நல்ல அறிகுறிகளோ மிக அடக்கமானவை. அதனாற் பலர் அவற்றைக் காணத் தவறுவர். ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இரண்டும் புல் மேய்தலே பெரு வெற்றி. தன் முகத்தைத் தான் கழுவிக்கொள்ளும் முயல் அச்சம் நீங்கியது. படீரெனப் பக்கவாட்டிற் சாய்ந்து விழுவது கண்டு இறந்ததோ என அலறுவார் உளர். அது முழு நம்பிக்கையின் அடையாளம். இறுதியில், ஒன்று மற்றதன் முன்சென்று தலையைத் தரையோடு தாழ்த்தி வைக்கும். தலை தாழ்த்துதலைப் பணிவு என நாம் கொள்வோம். முயலிடத்தோ பெரும்பாலும், 'என் நெற்றியை நக்கிவிடு' என மேலோன் இடும் ஆணை அது. இரண்டும் தலை தாழ்த்திக்கொண்டு ஒன்றும் நக்காமல் நெடுநேரம் கிடப்பது காண்பதற்கு நகைப்பாயிருக்கும். ஏதேனும் ஒன்று இணங்கி மற்றதன் நெற்றியை நக்கிய நாள், பாதிக்குமேல் வேலை முடிந்த நாளாகும்.

ஒவ்வொரு நாளும் சந்திப்பின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இணக்கமான ஒரு நிகழ்ச்சியோடு அதனை முடித்தல் வேண்டும். முயல் என்னும் பெயர்ச்சொல்லும் முயல் என்னும் வினையடியும் வடிவால் ஒன்றே. இவ்விடத்து முயலவேண்டியவர் வளர்ப்பவர். 'ஓர் இரவு அடைத்து வைத்தால் தாமே அடங்கிவிடும்' எனத் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்போரிடம் வாதாடிப் பயனில்லை. வேறு சிலர் இரண்டையும் ஒரே பெட்டியிலிட்டு வண்டியில் ஏற்றி அலைக்கழிப்பர். அச்சத்தால் ஒன்றோடொன்று ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டு நட்பு உண்டாயிற்று எனக் களிப்பர். அச்சத்தில் ஒடுங்குதல் வேறு, நட்பிற் கூடுதல் வேறு. வண்டி நின்றதும் அச்சம் நீங்கும், அதனோடு அவ்வொடுக்கமும் நீங்கும் என்பதே என் கருத்து.

பகல் முழுதும் துரத்தலின்றி ஒருங்கே உண்டு உறங்கும் நிலை வந்தபின், நிலையான உறைவிடத்திற் சேர்க்கலாம். அதனை வினிகர் கலந்த நீராற் கழுவி, உள்ளிருக்கும் பொருள்களை இடம் மாற்றி வைத்தாற் பழைய உரிமை மணம் மறையும். இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள இடம் வேண்டுமெனப் பிரிட்டனின் முயல்நலச் சங்கத்தார் வரையறுத்துள்ளனர். நம் கடைகளில் விற்கும் கூண்டுகளோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இணங்கியவற்றைப் பின்னர்ப் பிரித்தல் கூடாது. ஒன்றற்கு நோயுற்று வைத்தியரிடம் கொண்டு செல்ல நேரின், மற்றதையும் உடன் கொண்டு செல்லல் வேண்டும். தனியே சென்று மருந்து நாற்றத்தோடு மீளும் துணையை, வீட்டிலிருந்தது அயல் முயலென்றே கருதித் தாக்கக்கூடும். ஒன்று இறந்துபடின், உடலை உடனே அப்புறப்படுத்தாமல் மற்றது முகர்ந்தறியச் சிறிது நேரம் விட்டுவைப்பது வழக்கம். எஞ்சியது அந்நாட்களில் உண்கின்றதா என்பதை உற்றுநோக்குதல் வேண்டும்; அரைநாள் உணவு கொள்ளாத முயலுக்குக் குடலியக்கம் நின்று உயிர்க்கே ஆபத்து நேரும்; வைத்தியரிடம் விரைதல் கடன். அது தேறி உண்ணத் தொடங்கியபின், மற்றொரு துணை தேடலாம். அப்புதியதையும் வேறு அறையில் வைத்தே தொடங்கவேண்டும்.